ஹைப்ரிட் சைக்கிளுக்கு முழுநீள மட்கார்டு: அளவெடுத்தது முதல் சத்தம் அடங்கியது வரை

மடிப்பாக்கத்திலிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஐப்பசி மழையில் சைக்கிளில் போய் இறங்கினால், இப்போது சாக்ஸ் நனைவதில்லை. சட்டை முதுகில் சேற்றுக்கோடு விழுவதில்லை. செயினைத் தடவினால் விரலில் மணல் நெருடுவதில்லை. மட்கார்டு மாட்டுவது அரைமணி நேர வேலை என்று நினைத்துத் தொடங்கினேன். மாட்டுவதற்கு அரைமணி நேரம் போதும்தான். ஆனால் அது மேடு பள்ளத்தில் சத்தம் போடாமல், டயரில் உரசாமல், காலுக்கு வரும் தண்ணீரை உண்மையிலேயே நிறுத்துகிற மாதிரி அமைய ஒரு மழைக்காலம் பிடித்தது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

சைக்கிள் ஒரு சாதாரண ஹைப்ரிட், அதாவது ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவான வகை. 700×35சி டயர், சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை), முன்னும் பின்னும் கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். வாங்கும்போதே மட்கார்டு இல்லை. இப்போது கடையில் நிற்கிற கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன. சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். அந்த மூன்று மாதமும் வேளச்சேரி வழியாகத் தினமும் போய்வருகிறவனுக்கு மட்கார்டு இல்லாத சைக்கிள் பாதி சைக்கிள்தான். அங்கே ரோட்டில் தேங்குவது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை என்பது அந்தப் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரியும்.

முதலில் வாங்கியது, சீட் போஸ்ட்டில் பெல்ட் போட்டு இறுக்குகிற பிளாஸ்டிக் தகடும், ஃபிரேமின் சாய்வுக் குழாய்க்கு அடியில் ரப்பர் வளையத்தால் கட்டுகிற இன்னொரு தகடும். ரெண்டும் சேர்த்து 380 ரூபாய். பின்னால் உள்ளது முதுகைக் காப்பாற்றியது, ஆனால் வழியில் இருக்கிற கைவேலி தாண்டுவதற்குள் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுகொள்ளும். முன்னால் உள்ளது என்ன வேலை செய்கிறது என்பதே புரியவில்லை. மழை நின்று வெறும் ஈர ரோட்டில் போனாலும் ரெண்டு ஷூவும் சொதசொத என்று ஆகிவிடும்.

தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் இனி எதையும் வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். பழைய செய்தித்தாளைக் கிழித்து, சாய்வுக் குழாய், சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய், பெடல் அச்சு இருக்கும் இடம், ஷூவின் முன்பக்கம் எல்லாவற்றிலும் செலோடேப் போட்டுச் சுற்றினேன். மழை விட்ட ஒரு காலையில் தெருவைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் போல ஓட்டிவிட்டு வந்து பிரித்துப் பார்த்தேன். சாய்வுக் குழாயில் மேல் பாதி ஏறக்குறைய சுத்தமாக இருந்தது. பெடல் அச்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்திலிருந்து கீழே வரைக்கும் காகிதம் எழுத்தே தெரியாமல் கறுத்துப் போயிருந்தது. ஷூவில் சுற்றியது கூழாகிவிட்டது. அந்தக் கறுப்புக்குள் கடுகளவு மணலும் தார்த்துணுக்கும் ஒட்டியிருந்தன. செயின் ஓடுவதும் பெடல் அச்சின் பேரிங் இருப்பதும் சரியாக அந்த இடத்தில்தான்.

மட்கார்டு என்றால் முதுகைக் காக்கிற சாமான் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பின்சக்கரம் அடிப்பது சட்டையை, அதைத் துவைத்துக்கொள்ளலாம். முன்சக்கரம்தான் காலையும் செயினையும் பேரிங்கையும் நாசமாக்குகிறது. அதுவும் மேலே இருந்து இல்லை. டயர் ரோட்டைவிட்டு மேலெழும்பும் இடத்தில், தரையிலிருந்து ஒரு அடிக்கும் கீழான உயரத்திலிருந்து கிளம்புகிற தண்ணீர்தான் நேராகப் பாதத்துக்கு வருகிறது. ஆக, முன் மட்கார்டின் பின்முனை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சாய்வுக் குழாயில் கட்டுகிற தகடு அந்தத் தண்ணீரின் பாதையிலேயே இல்லை.

அப்புறம் அளவெடுப்பு. இதற்கு வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. என்னிடம் 300 ரூபாய் பிளாஸ்டிக் காலிப்பர்தான் இருந்தது, அது போதும். டயரில் 35 என்று போட்டிருந்தாலும் காற்றடித்து அளந்தால் 36 மி.மீ. வந்தது. ரிம் அகலமாக இருந்தால் டயரும் கொஞ்சம் விரியும், எனவே அச்சிட்ட எண்ணை நம்பாமல் அளந்துவிடுவது நல்லது. மட்கார்டின் அகலம் டயரைவிட எட்டு, பத்து மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். அப்படியானால் எனக்கு 45.

அடுத்து இடைவெளிகள். ஃபோர்க்கின் தலைப்பகுதிக்கும் டயருக்கும் நடுவே உயரத்தில் 24 மி.மீ. ஃபோர்க்கின் ரெண்டு கால்களுக்கும் நடுவே, டயர் மட்டத்தில் 61. பின்னால் பெடல் அச்சுக்குப் பின்புறம் இருக்கிற கிடைக்கம்பிகளுக்கு நடுவே 52. இந்தக் கடைசி அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பின் மட்கார்டு அந்தச் சந்துக்குள் நுழைந்துதான் கீழே இறங்க வேண்டும்.

மட்கார்டு மாட்டும் துளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் சைக்கிளில் பின் அச்சுக்கு மேலே ரெண்டு பக்கமும், ஃபோர்க்கின் அடியில் ரெண்டு பக்கமும் எம்5 (5 மி.மீ. போல்ட்டுக்கான) மரை போட்ட துளைகள் இருந்தன. ஃபோர்க் தலையில் முன்னும் பின்னுமாகக் குறுக்கே போகும் 6 மி.மீ. துளையும் இருந்தது. இருந்தன என்றாலும் எதிலும் போல்ட்டு ஏறவில்லை. பெயின்ட் அடிக்கும்போது மரையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. பலவந்தமாகத் திருகினால் மரை போய்விடும். மரை வெட்டுகிற ‘டேப்’ கருவி வாங்கினால் அதற்கு ஒரு செலவு. ஒரு எம்5 இரும்பு போல்ட்டை எடுத்து, மரையில் நீளவாக்கில் ஆக்ஸா பிளேடால் ரெண்டு வெட்டு போட்டேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருகினால் பெயின்ட் துகள் அந்த வெட்டுகளுக்குள் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. நாலு துளையும் இப்படியே சுத்தமாகின.

இப்போது எதை வாங்குவது என்ற கேள்வி. என் முதல் ஆசை பழைய 28 அங்குல சைக்கிளின் இரும்பு மட்கார்டு. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை வந்த காலத்திலிருந்து நம் ஊர் ரோட்டில் ஓடிய எல்லா வண்டிக்கும் இருந்தது அந்த மாதிரிதான். அப்பாவின் பி.எஸ்.ஏ. சைக்கிளில் அது எத்தனையோ மழையைத் தாங்கியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதுவும் என் சைக்கிளும் வேறு வேறு அளவுச் சக்கரம் என்பதால் பொருந்தாது என்று சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 28×1½ டயர் உட்காரும் ரிம் விட்டம் 635 மி.மீ.; என் 700சி சக்கரத்துக்கு 622. டயரின் கனத்தையும் சேர்த்துப் பார்த்தால் வெளி ஆரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அந்த வளைவு நன்றாகவே ஒத்துவரும்.

கீழ்க்கட்டளையில் ஒரு பழைய சைக்கிள் கடை. அங்கே தொங்கிய ஜோடியை இறக்கி வைத்துப் பார்த்தோம். வளைவு பொருந்தியது. அகலம் பொருந்தவில்லை: 58 மி.மீ. பின்னால் 52 சந்துக்குள் விட வேண்டுமென்றால் ரெண்டு ஓரத்தையும் சுத்தியலால் தட்டி உள்ளே மடக்க வேண்டும். மடக்கிய இடத்தில் பெயின்ட் உதிரும், உதிர்ந்த இடத்தில் துரு பிடிக்கும். இரும்பு மட்கார்டு வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்பக்கம், கம்பியை ரிவெட் அடித்த இடத்தில் ஈரம் தேங்கி ஓட்டை விழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்னொரு சிக்கல், அதன் தாங்குகம்பிகள் சக்கர அச்சின் நட்டிலேயே மாட்டப்படுபவை. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் அவற்றையும் கழற்ற வேண்டும். பஞ்சர் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலேயே டியூபைப் பக்கவாட்டில் உருவி ஒட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். சக்கரத்தைச் சட்டென்று விடுவிக்கும் நெம்புகோல் அச்சில் அப்படி மாட்டவும் முடியாது. இரும்பு ஜோடியைத் திரும்பவும் தொங்கவிட்டுவிட்டேன். அந்தக் கடையிலிருந்து வாங்கியது மட்கார்டின் வால் முனையில் தொங்கும் கறுப்பு ரப்பர் ஃபிளாப் ரெண்டு, ஒன்று 40 ரூபாய். கடைசியில் இந்த வேலையிலேயே அதிகம் உதவியது அதுதான்.

வாங்கியது 700சிக்கான முழுநீள பிளாஸ்டிக் மட்கார்டு, 45 மி.மீ. அகலம், ஸ்டெயின்லெஸ் தாங்குகம்பிகளோடு 1,450 ரூபாய். ஜெர்மனியின் எஸ்.கே.எஸ். போன்ற நிறுவனங்கள் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே அலுமினியத் தகடு வைத்துச் செய்கின்றன. அது வளைவு மாறாமல் விறைப்பாக நிற்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். நான் வாங்கியது வெறும் பிளாஸ்டிக். கொஞ்சம் நெகிழும். அதற்கான விலையை மாட்டும்போது நேரமாகக் கொடுத்தேன்.

பின் மட்கார்டிலிருந்து தொடங்கினேன், அது சுலபம். சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டின் கீழ்முனையைக் கிடைக்கம்பிகளுக்கு நடுவே உள்ள பாலத்தில் (குறுக்குக் கம்பியில்) ஒரு போல்ட்டு போட்டுத் தளர்வாக நிறுத்த வேண்டும். அப்புறம் மேலே, சீட்டுக்குக் கீழ் உள்ள பாலத்தில் தகட்டுப் பிடி. அதற்கப்புறம் சக்கரத்தைப் போட்டுவிட்டு தாங்குகம்பிகள். எந்த நட்டையும் இந்தக் கட்டத்தில் முழுசாக இறுக்கக் கூடாது.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரே இடைவெளி வர வேண்டும். கண்ணால் பார்த்துச் சரிசெய்தால் ஒரு பக்கம் இறுக்கும்போது மறுபக்கம் நகர்ந்துவிடுகிறது. இதற்கு ஒரு பழைய ஹவாய் செருப்பு கைகொடுத்தது. அதன் அடிப்பாகம் 14 மி.மீ. கனம். அதைத் தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக வெட்டி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று நாலு இடத்தில் செருகிவிட்டேன். மட்கார்டு அந்தத் துண்டுகள் மேல் தானாக உட்கார்ந்துகொண்டது. அந்த நிலையிலேயே தாங்குகம்பிகளை இறுக்கிவிட்டு, சக்கரத்தைச் சுற்றினால் துண்டுகள் வெளியே வந்து விழுந்துவிடும். அளவுகோலே தேவைப்படவில்லை. நம் ஊருக்கு இந்த இடைவெளி 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. தார் ரோட்டில் பத்து போதும், ஆனால் மெட்ரோ வேலைக்குத் தோண்டிப்போட்ட களிமண்ணில் ஒரு தடவை ஏறி இறங்கினால் பத்து மி.மீ. சந்து அடைத்துக்கொண்டு சக்கரமே நின்றுவிடும்.

மேல் பாலத்தில் மட்கார்டு எட்டவில்லை, 9 மி.மீ. இடைவெளி இருந்தது. நட்டை இறுக்கி மட்கார்டை மேலே இழுத்தால் எட்டும். ஆனால் அப்படி இழுத்தால் வளைவு கெட்டு, பின்பக்கம் டயரை நோக்கி இறங்கிவிடுகிறது. அரை அங்குல சி.பி.வி.சி. குழாயில் 9 மி.மீ. துண்டு அறுத்து, ரெண்டு பக்கமும் ரப்பர் வாசர் வைத்து இடையில் கொடுத்தேன். சரியாகிவிட்டது.

பின்புறம் வலது பக்கத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே தாங்குகம்பியைப் பிடிக்கும் எம்5 போல்ட்டின் முனை உள்பக்கம் நீண்டால் செயினில் இடிக்கும். நின்றபடி பெடல் சுற்றினால் தெரியாது. கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றும்போதுதான் டிக் டிக் என்று தட்டும். பெட்டியோடு வந்த போல்ட்டு 16 மி.மீ. நீளம். அதை 10க்கு அறுத்து, நட்டு ஒன்றை முன்கூட்டியே மரையில் ஏற்றிவைத்து முனையை அரத்தால் தேய்த்தேன். அப்புறம் நட்டைக் கழற்றும்போது பிசிறான மரை தானாகவே சீராகிவிடுகிறது.

முன்பக்கத்தில்தான் உண்மையான வேலை. ஃபோர்க்கின் இடது காலில் டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) உட்கார்ந்திருக்கிறது, தாங்குகம்பி போக வேண்டிய வழியும் அதுதான். முதலில் நீளமான 35 மி.மீ. எம்5 போல்ட்டும், 20 மி.மீ. நைலான் குழாய்த் துண்டும் போட்டுத் தாங்குகம்பியை வெளியே தள்ளினேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. வேளச்சேரி நூறடி ரோட்டின் ஒட்டுப்போட்ட பரப்பில் தினமும் ஓடியதில் அந்தப் போல்ட்டு தளர்ந்துகொண்டே வந்தது, கழற்றிப் பார்த்தால் லேசாக வளைந்தும் இருந்தது. கம்பி ஃபோர்க்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு நெம்புவிசை அந்த ஒல்லிப் போல்ட்டின் மேல் விழுகிறது. மரைப் பசை போட்டால் தளர்வது நிற்கலாம், வளைவது நிற்காது.

ஆகவே கம்பியை வளைப்பதுதான் வழி. கீழ்க்கட்டளைக் கடையில் சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் இருந்தது. 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியைக் குறடால் வளைத்தால் மூலை கூர்மையாக மடிந்து அங்கேயே பின்னால் ஒடியும். கம்பி நுழைகிற அளவில் ரெண்டு இரும்புக் குழாய்த் துண்டுகளை எடுத்து, ஒன்றை வைஸில் பிடித்து, வளைய வேண்டிய இடம் ரெண்டுக்கும் நடுவே வருமாறு கம்பியை நுழைத்து, மற்றக் குழாயைக் கைப்பிடியாக வைத்து மெதுவாகத் திருப்பினோம். காலிப்பரைச் சுற்றிப் போகிற மாதிரி ஒரு சின்ன வெளிவளைவு, அப்புறம் மறுபடி உள்ளே. சூடு காட்டவில்லை. வளைத்த பிறகு பிரேக் கேபிளை அசைத்து, காலிப்பர் கை முழு வீச்சுக்கும் போய்வருகிறதா என்று பார்த்துக்கொள்வது முக்கியம். கம்பி அதில் உரசினால் பிரேக்கே முழுசாகப் பிடிக்காது. வைஸுக்கும் உழைப்புக்கும் சேர்த்து 150 ரூபாய் கொடுத்தேன்.

அங்கே வைத்துத்தான் சத்தத்துக்கும் விடை கிடைத்தது. பின் மட்கார்டு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு நட்டாக இன்னும் இறுக்கிக்கொண்டே வந்திருந்தேன். கடைக்கார அண்ணன் கையால் மட்கார்டின் வாலைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்த்தார்.

"இதை எதுக்குத் தம்பி இழுத்துக் கட்டியிருக்க? எல்லாத்தையும் லூசாக்கு. அது எங்க நிக்கணும்னு அதுவே காட்டும். அங்க வச்சு முடுக்கு."

எல்லா நட்டையும் தளர்த்தினோம். மட்கார்டு இடது பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. அதாவது தாங்குகம்பிகளில் ஒன்று நீளம் கூடி, மட்கார்டை வலது பக்கமாகத் தள்ளிப் பிடித்திருந்தது. தகட்டுக்குள் எப்போதும் ஓர் இழுவிசை இருந்தால், ஒவ்வொரு குலுங்கலிலும் அது விடுபடப் பார்க்கும். அந்த அடிதான் சத்தம். கம்பியின் நீளத்தைச் சரிசெய்து, மட்கார்டு எந்தத் திசையிலும் இழுபடாமல் நிற்கிற நிலையில் ஒவ்வொன்றாக இறுக்கினோம். உலோகம் பிளாஸ்டிக்கைத் தொடும் இடத்திலெல்லாம் பழைய டியூபில் வெட்டிய வாசர், போல்ட்டு முனையில் சாதா நட்டுக்குப் பதில், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தளராத நைலாக் நட்டு. சத்தம் அன்றே நின்றது. மட்கார்டு சத்தத்துக்கு இறுக்கம் மருந்தில்லை, அந்த இழுவிசையை எடுத்துவிடுவதுதான் மருந்து என்பதை யார் கேட்டாலும் சொல்வேன்.

தாங்குகம்பியின் உபரி நீளத்தை அறுப்பதைக் கடைசிவரை தள்ளிப்போட்டது நல்லதாகப் போயிற்று. முன்பே அறுத்திருந்தால் இந்தச் சரிசெய்தலுக்கு இடம் இருந்திருக்காது. எல்லாம் ஓட்டிப் பார்த்த பிறகு, பிடியைத் தாண்டி 4 மி.மீ. விட்டு ஆக்ஸா பிளேடால் அறுத்து, பிசிறைத் தேய்த்து, பிளாஸ்டிக் தொப்பி மாட்டினேன். அறுத்த ஸ்டெயின்லெஸ் முனை கணுக்காலைக் கிழிக்கும், தொப்பி இல்லாமல் விடக் கூடாது.

பாதுகாப்பு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முன்சக்கரம் ஒரு குச்சியையோ கம்பியையோ தூக்கி, அது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சிக்கினால், மட்கார்டு உள்ளே இழுபட்டு மடிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுவார். அதற்காகவே முன் தாங்குகம்பிகளின் கீழ்முனையில், அளவுக்கு மீறி இழுத்தால் கம்பியை விட்டுவிடுகிற பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கின்றன. நான் வாங்கிய ஜோடியில் அவை இல்லை. தனியாக 420 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். காற்றில் வேப்பங்கிளையும் பந்தல் கம்புத் துண்டும் ரோட்டில் கிடக்கிற மாதங்களில்தான் நாம் மட்கார்டோடு ஓட்டுகிறோம். ஆகவே முன் மட்கார்டுக்கு மட்டும் இதில் காசு பார்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். மாட்டிய பிறகு கம்பியைக் கையால் வெடுக்கென்று இழுத்து, உண்மையிலேயே கழன்று வருகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் முடிந்து செய்தித்தாள் சோதனையைத் திரும்பச் செய்தேன். சீட்டுக் குழாய் சுத்தம். ஷூவின் மேல்பகுதி சுத்தம். ஆனால் பெடல் அச்சைச் சுற்றி இன்னும் கறுப்பு, ஷூவின் முன்முனையிலும் ஈரம். காரணம் அளந்ததும் தெரிந்தது: முன் மட்கார்டின் பின்முனை தரையிலிருந்து 23 செ.மீ. உயரத்தில் முடிந்துவிடுகிறது. முழுநீளம் என்று சொல்லி விற்கிற பலவற்றிலும் முன்பக்கம் இந்தக் குறை இருக்கிறது.

அங்கேதான் பழைய சைக்கிளின் ரப்பர் ஃபிளாப் வந்தது. முதலில் லாரி டியூபில் ஒரு துண்டு வெட்டிப் போட்டுப் பார்த்தேன். அது மிக மெல்லிசு, வேகம் பிடித்ததும் காற்றில் பின்னால் மடங்கித் தண்ணீருக்கு வழிவிட்டுவிடுகிறது. சைக்கிள் ஃபிளாப் சுமார் 3 மி.மீ. கனம், காற்றுக்கு மடங்காது, வேகத்தடையில் இடித்தால் மடங்கும். வேண்டியது அந்த விறைப்புதான். மட்கார்டின் முனையில் 4 மி.மீ. துளை ரெண்டு போட்டேன். பிளாஸ்டிக்கில் துளையிடும்போது பின்னால் மரக்கட்டை வைத்து, மெதுவாகச் சுற்றினால் விரிசல் விடாது. எம்4 போல்ட்டும் ரெண்டு பக்கமும் அகலமான வாசரும் போட்டு ஃபிளாப்பை மாட்டினேன். அதன் அகலம் கீழே 90 மி.மீ. விரிந்திருந்தது, ஹேண்டிலைத் திருப்பும்போது ஷூ முனை இடித்ததால் 75க்குக் குறைத்தேன். இப்போது அடிமுனை தரையிலிருந்து 9 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. வீட்டுப் படியில் இறக்கும்போது தட்டுகிறது, ரப்பர் என்பதால் பாதகமில்லை. பின் மட்கார்டுக்கும் ஒன்று போட்டேன். அது எனக்காக இல்லை, பின்னால் வருகிற சைக்கிள்காரருக்காக.

அடுத்த சோதனையில் பெடல் அச்சில் சுற்றிய காகிதத்தைப் படிக்க முடிந்தது. செயினுக்கு எண்ணெய் விடுகிற இடைவெளியும் நீண்டுவிட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு மழைக்கும் பிறகு டீசலில் துடைக்க வேண்டியிருந்தது, இப்போது துணியால் ஒரு துடைப்பு போதும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் வேகமாகப் போகிற பஸ் வாரி அடிக்கிற தண்ணீருக்கு மட்கார்டில் பதில் இல்லை. சக்கர அச்சு முழுகுகிற தண்ணீரில் ஓட்டினால் மட்கார்டுக்குள் தண்ணீர் நிரம்பிச் சக்கரத்தை இழுக்கும், பேரிங்குக்குள்ளும் போகும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் நல்லது. முன் மட்கார்டின் முன்முனையும் எனக்குப் போதவில்லை. ஃபோர்க் தலைக்கு முன்னால் ஒரு சாண்கூட நீளவில்லை. டயர் முன்னோக்கி வீசுகிற தண்ணீர் காற்றில் எழும்பி, நாமே போய் அதில் மோதிக்கொள்கிற மாதிரி ஆகிறது. வேகமாகப் போகும்போது கைமுட்டியில் அந்தத் தூறல் தெரிகிறது.

செலவுக் கணக்கு: மட்கார்டு 1,450, கிளிப்புகள் 420, போல்ட்டு, நைலாக் நட்டு, வாசர் எல்லாம் சேர்த்து 160, ஃபிளாப் ரெண்டும் 80, பட்டறைக் கூலி 150. மொத்தம் 2,260 ரூபாய். முதலில் வாங்கிய 380 ரூபாய்த் தகடுகள் இந்தக் கணக்கில் இல்லை. பின்னால் மாட்டுவதை மட்டும் எதிர்வீட்டுப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டான், வெயில்கால மழைக்கு அவனுக்கு அது போதும்.

திரும்பச் செய்வதானால் சிலவற்றை மாற்றுவேன். வாங்கும் முன்பே கடையில் டேப் வைத்து, முன் மட்கார்டு ஃபோர்க் தலைக்கு முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று அளப்பேன். பெட்டியில் அகலம் மட்டும்தான் போட்டிருக்கும், நீளம் இருக்காது. கூட வந்த துத்தநாகப் பூச்சு போல்ட்டுகளை முதலிலேயே தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் போடுவேன். கடல் காற்றில் அவை ஒரே மழைக்காலத்தில் பழுப்பேறிவிட்டன. மரையில் ஏற்றும் முன் ஒரு துளி கிரீஸ் தடவுவேன், ஸ்டெயின்லெஸ் போல்ட்டு இரும்பு ஃபிரேமில் இறுகிப் பிடித்துக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. வேலையை ஆவணியிலேயே தொடங்குவேன், முதல் மழைக்கு முன் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய நாள் கிடைக்கும்.

அடுத்தது அக்காள் மகளின் 26 அங்குல சைக்கிள். அதில் முன்பக்கம் சஸ்பென்ஷன் ஃபோர்க், அடியில் துளை எதுவும் கிடையாது. ரப்பர் உறை போட்ட பைப் கிளாம்ப்பை ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் சுற்றித்தான் கம்பியைப் பிடிக்க வேண்டும். மேலே ஃபோர்க் தலையில் மட்கார்டைக் கட்டக் கூடாது. பள்ளத்தில் ஃபோர்க் அழுந்தும்போது தலை கீழே இறங்கி மட்கார்டை டயரில் வைத்து அழுத்திவிடும். கீழ்க்கால்கள் சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், மட்கார்டின் எல்லாப் பிடிப்பும் அவற்றிலேயே இருந்தாக வேண்டும். ரெண்டு கால்களையும் இணைக்கிற வளைவில் ஒரு துளை இருக்கிறது. அது எம்5ஆ எம்6ஆ என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.